முள்ளித்துறையில் ஒதுங்கிய டிரம்கள்

காந்திமதிநாதன் முள்ளித்துறைக்குக் கிராம நிர்வாக அலுவலராக வந்து இரண்டு வருஷம் ஆகியும் அந்த ஊர்த் தண்ணீர் அவர் நாக்குக்குப் பழகவில்லை. சொந்த ஊர் சீவலப்பேரி. தாமிரபரணியில் முங்கிக் குளித்து, அதே தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர். மனைவி வேணியும் இரண்டு பெண்பிள்ளைகளும் அங்கேதான் இருந்தார்கள். திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பி, பாளையங்கோட்டையில் திருச்செந்தூர் பஸ் பிடித்தால் பத்து மணிக்குள் முள்ளித்துறைக்குப் பாதை பிரியும் விலக்கில் இறங்கிவிடலாம். கையில் ஒரு கேனில் ஆற்றுத் தண்ணீர் இருக்கும். சிக்கனமாகக் குடித்தால் அது வியாழக்கிழமை வரை வரும்.

முள்ளித்துறை கடலை ஒட்டிய ஊர். நூற்றிருபது வீடுகள். பாதிப்பேருக்கு உப்பளத்தில் வேலை, மீதிப்பேருக்குக் கட்டுமரம். எங்கே தோண்டினாலும் உவர்நீர்தான் வரும். செவ்வாயும் வெள்ளியும் தண்ணீர் லாரி வரும். லாரிக்காரர் நல்ல மனுஷர், கேட்டவர்களுக்கெல்லாம் ஊற்றுவார். பிடித்து வைக்கத்தான் பாத்திரம் கிடையாது. நாலு குடம், ஒரு அண்டா, ஒரு வாளி நிறைந்ததும் பெண்கள் ஒதுங்கி நிற்பார்கள். மிச்சத் தண்ணீர் சுமந்து லாரி அடுத்த ஊருக்குப் போகும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அவர்களுக்குப் பெரிய வயிற்றெரிச்சல்.

1995ஆம் வருஷம் ஐப்பசி கடைசியில் இரண்டு நாள் காற்றும் மழையுமாக அடித்து ஓய்ந்தது. மூன்றாம் நாள் விடியற்காலை தலையாரி கிருபைராஜ் வந்து கதவைத் தட்டினார்.

"ஐயா, எந்திரிங்க. கடல் டிரம்மாக் கக்கிப் போட்டுருக்கு."

"என்ன டிரம்வே?"

"நீல டிரம். ஒரு ஆள் உள்ள உக்காரலாம், அம்புட்டுப் பெருசு. சனம் பூராவும் கரையிலதான் நிக்கி."

காந்திமதிநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனபோது கரையில் ஆறு டிரம்தான் மிச்சம். மற்றவை உருட்டிப்போன தடம் ஈரமணலில் வாய்க்கால் வெட்டியதுபோல் ஊரைப் பார்த்துப் போயிருந்தது. அவர் தடங்களை எண்ணிப் பார்த்தார். முப்பத்தைந்து. ஆக மொத்தம் நாற்பத்தொன்று.

நின்ற ஆறில் ஒன்று பிளந்து கிடந்தது. உள்ளே ஒரு சாண் உயரத்துக்குப் பழுப்பு நிறத்தில் பாகு மாதிரி ஏதோ இருந்து, வெடிப்பு வழியாக மணலில் இறங்கியிருந்தது. வார்னீஷும் வெள்ளைப்பூண்டும் கலந்ததுபோல வாடை. அதைச் சுற்றிப் பத்தடிக்குக் கடற்கரை நண்டுகள் மல்லாந்து கிடந்தன. ஒன்றுகூட ஓடவில்லை. டிரம்மில் ஒட்டியிருந்த தாளைக் கடல் தண்ணீர் தின்றுவிட்டது. சிவப்புக் கரையும், யாருக்கும் வாசிக்கத் தெரியாத பாஷையில் நாலைந்து எழுத்தும்தான் பாக்கி. எந்தக் கப்பல்காரன் வேலை முடிந்து தூக்கி எறிந்தானோ.

"இத யாரும் தொடாதிய!" என்று சத்தம் போட்டார். உருட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நின்று அவரைப் பார்த்துவிட்டு, திரும்ப உருட்டினார்கள்.

அன்றைக்கே அறிக்கை எழுதி எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார். ஆச்சரியம் என்னவென்றால், ஒரு வாரத்துக்குள் மேலிருந்து உத்தரவு வந்துவிட்டது. கடற்கரையில் ஒதுங்கிய அந்நியப் பொருட்கள் அனைத்தையும் மீட்க வேண்டும், ஒரே இடத்தில் வைத்துப் பூட்ட வேண்டும், மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், பொதுமக்கள் உபயோகிக்காமல் தடுக்க வேண்டும். காந்திமதிநாதனுக்கு அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது நெஞ்சு நிறைந்துபோயிற்று. பதின்மூன்று வருஷ சர்வீஸில், தான் எழுதிய ஒரு அறிக்கைக்கு இத்தனை சீக்கிரம் பதில் வந்து அவர் பார்த்ததில்லை.

இரண்டு ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள். கையுறை போட்டுக்கொண்டு பிளந்த டிரம்மைப் போட்டோ எடுத்தார்கள். ஒரு குப்பியில் பாகை நிரப்பினார்கள். வந்தவர்களில் பெரியவர் ஊர்க்காரர்களிடம், "இதில் தண்ணீர் பிடிக்கக் கூடாது" என்றார்.

"இது என்ன மருந்துங்க?" என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள்.

"ரிசல்ட் வரட்டும்மா" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

கேட்டவள் சாலோமி. முப்பது வயதுக்குள் இருக்கும். உப்பளத்தில் உப்பு வாருகிறவள். புருஷன் கொல்லத்துப் பக்கம் மீன்பிடிக்கப் போய் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவான். வீட்டில் அவளும் ஆறு வயது மகள் கரோலினும்தான். மறுநாள் காந்திமதிநாதனும் கிருபைராஜும் வீடு வீடாக ஏறி இறங்கத் தொடங்கியபோது முதலில் எதிர்த்து நின்றது அவள்தான். வீட்டுப் பக்கவாட்டில் பனையோலை நிழலில் டிரம்மை நிறுத்தி, வெள்ளைத் துணியால் வாய் கட்டியிருந்தாள். உள்ளே விளிம்பு வரை தண்ணீர்.

"மூணு வாட்டி கழுவிட்டேன் ஐயா. மொதல்ல சாம்பல், அடுத்தாப்ல புளி, கடைசில சோப்பு. நீங்களே மோந்து பாருங்க."

அவர் குனிந்து மோந்து பார்த்தார். சோப்பு வாசனைதான் வந்தது.

"இதுல விஷம் இருந்துருக்கு சாலோமி."

"என்ன விஷம்?"

"அது சோதனைக்குப் போயிருக்கு."

"அப்ப வரட்டும். விஷம்னு வந்தா நானே கல்லப் போட்டு ஒடைக்கேன். தெரியாமலே எதுக்குக் குடுக்கணும்?"

"நண்டு செத்துக் கெடந்ததப் பாத்தியா இல்லியா?"

"பாத்தேன். அது கழுவுறதுக்கு முந்தி." அவள் டிரம்மின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "நான் உப்பளத்துல நிக்கும்போதுதான் லாரி வருது. இந்தப் பிள்ள ஒத்தைல நின்னு நாலு குடம் பிடிக்கும். அது ரெண்டு நாளைக்குக் காணும். மூணாம் நாளு நான் விலக்கு வரைக்கும் நடந்து போயித் தூக்கிட்டு வாரேன். இது ஒண்ணு நெறஞ்சா அடுத்த லாரி வரைக்கும் கவலையில்ல. உங்களுக்கு ஆத்துத் தண்ணி கேன்ல வருது ஐயா."

சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதல்ல, அவர் வாயில் அதுவாக வந்தது.

"ஒரு டிரம்முக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி வாங்கித் தாறேன். ஒரு மாசம் பொறு."

"நெசமாவா?"

"எழுதி வாங்கிருவேன்."

கிருபைராஜ் அவரைத் திரும்பிப் பார்த்தார். காந்திமதிநாதன் பார்க்காததுபோல் நின்றார். சொல்லிவிட்ட பிறகு அவருக்கே அது நடக்கிற காரியமாகத்தான் பட்டது. இத்தனை வேகமாக உத்தரவு போட்ட சர்க்கார், நாற்பது தொட்டியா தராது?

தொட்டி என்ற வார்த்தை ஊரெல்லாம் பரவியது. அதற்குப் பிறகு வேலை சுலபமாயிற்று. பெண்கள் தாங்களாகவே தண்ணீரைக் கொட்டிவிட்டு டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார்கள். சாலோமியும் வந்தாள். நாலு நாளில் முப்பத்தெட்டு சேர்ந்தது. மூன்று மட்டும் வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய்விட்டது என்றார்கள். உப்பளத்தை ஒட்டிச் சர்க்காருக்குச் சொந்தமான பழைய கிட்டங்கி ஒன்று பூட்டிக் கிடந்தது. அதில் அடுக்கினார்கள். ஒன்று மாறிப்போய்விடக் கூடாது என்று காந்திமதிநாதன் வெள்ளைப் பெயிண்ட் வாங்கி வந்து, ஒவ்வொரு டிரம்மிலும் வருவாய்த் துறை என்று எழுதி, கீழே நம்பர் போட்டார். கையெழுத்து அவருக்கு எப்போதும் மணிமணியாக இருக்கும். இரண்டு நாள் உட்கார்ந்து போட்டார்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

தொட்டிக்கு எழுதிய கடிதத்துக்கு, அப்படியொரு திட்டம் இல்லை என்று பதில் வந்தது. திரும்ப எழுதினார். திட்டம் இல்லை என்று ஏற்கனவே தெரிவிக்கப்பட்டது என்று வந்தது. சோதனைக்குப் போன மாதிரி என்னவாயிற்று என்று கேட்டதற்கு, குப்பியின் மூடி வழியிலேயே அரித்துப்போய் வந்து சேரும்போது காலியாக இருந்தது என்று எழுதியிருந்தார்கள். புதிதாக மாதிரி எடுக்க வேண்டும். அதற்கு உரிய அதிகாரி வர வேண்டும். அவர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவருக்குத் தேர்தல் வேலை போட்டுவிட்டார்கள். டிரம்களுக்குப் பொறுப்பு யார் என்று ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீசைக் கேட்டது. அந்த ஆபீஸ் மூன்றாவது ஆபீசைக் கைகாட்டியது. ஒவ்வொரு கடிதத்துக்கும் நகல் மட்டும் காந்திமதிநாதனுக்குத் தவறாமல் வந்தது.

செவ்வாய்க்கிழமை லாரி வரும்போது அவர் அந்தப் பக்கம் போவதைத் தவிர்க்கப் பார்ப்பார். போனால் சாலோமி கேட்பாள்.

"தொட்டி எப்ப ஐயா வரும்?"

"எழுதியிருக்கேன். வந்துரும்."

கிறிஸ்துமஸ் முடிந்து தை பிறந்ததும் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். எதிரே வந்தால் குடத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு பேசாமல் போனாள். கேட்டுக்கொண்டிருந்தபோது இருந்ததைவிட அது அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

வைகாசியில் தாசில்தார் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னவே, அந்தக் கிட்டங்கிய ரேஷன் கடைக்குக் கேக்கான். உம்ம டிரம்மையெல்லாம் காலி பண்ணணும். உரிமை கோராத பொருள்னு ஏலம் போட்டுருவோம்."

காந்திமதிநாதன் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தார்.

"ஐயா, அது விஷமுங்கய்யா."

"விஷம்னு ரிப்போர்ட் இருக்கா?"

"இல்லீங்கய்யா."

"பெறவு?"

"விஷமில்லன்னும் ரிப்போர்ட் இல்லீங்களே. ஜனங்க வாங்கித் தண்ணி பிடிச்சாங்கன்னா..."

"ஏலத்துல வியாபாரிதான் எடுப்பான். அவன் தாருக்குக் குடுப்பான், டீசலுக்குக் குடுப்பான். நமக்கு என்ன? நீரு மாசத்துக்கு ரெண்டு கடுதாசி எழுதுதீரு, யாராவது வந்தானா? நான் எத்தன நாளைக்கு அத வச்சுக் காவல் காக்க?" தாசில்தார் கெட்ட மனிதர் இல்லை. மேஜையில் மூன்றடுக்கு ஃபைல் இருந்தது. அவர் கண்ணெல்லாம் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது. "நான் ஒண்ணும் ஆசப்பட்டுச் செய்யல. போம்."

ஏலத்தன்று நிபந்தனைகளை வாசித்தது காந்திமதிநாதன்தான். அது அவர் வேலை. நாலே பேர் வந்திருந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த பழைய சாமான் வியாபாரி சிவகணேஷ் முப்பத்தெட்டையும் மொத்தமாக எடுத்தார். லாரியில் ஏற்றும்போது காந்திமதிநாதன் அவரைத் தனியாக ஒதுக்கிக் கூட்டிப்போனார்.

"அண்ணாச்சி, ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன். இதத் தண்ணிக்கு மட்டும் வித்துராதிய."

"சேச்சே. ரோடு வேலைக்காரன் ஒருத்தன் கேட்டுருக்கான் சார். தார் ஊத்துததுக்கு. நீங்க நிம்மதியாப் போங்க."

அவர் நிம்மதியாகத்தான் போனார். ஏலத் தாள்களைச் சேர்ப்பிக்கத் தாலுகா ஆபீசுக்குப் பஸ் ஏறினார். சாயங்காலம் திரும்பி வந்து விலக்கில் இறங்கி ஊருக்குள் நடந்தபோது, முதல் வீட்டு வாசலிலேயே நீல டிரம் நின்றது. அடுத்த வீட்டில் ஒன்று. கோயில் முக்கில் இரண்டு. டிரம் ஏற்றிய லாரி நேராக ஊரைவிட்டு வெளியே போகவில்லை. கோயில் முன்னால் நிறுத்தி, கேட்டவர்களுக்கெல்லாம் தவணைக்குக் கொடுத்துவிட்டுத்தான் சிவகணேஷ் போயிருக்கிறார். இருபத்திரண்டு டிரம் முள்ளித்துறையிலேயே இறங்கிவிட்டது. மீதி பக்கத்து ஊர்களுக்குப் போனது.

சாலோமி வீட்டுக்கு நேராகப் போனார். பதினேழாம் நம்பர் டிரம் பழைய இடத்திலேயே ஓலை நிழலில் நின்றது.

"இத ஏன் வாங்குன சாலோமி?"

அவளுக்கு அன்றைக்கு முகம் தெளிவாக இருந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு அவரிடம் சிரித்துப் பேசினாள்.

"இப்ப பயமில்ல ஐயா. அன்னைக்கு கடல்ல வந்தது. இப்ப சர்க்கார் வித்தது. வருவாய்த் துறைன்னு போட்டு நம்பரும் போட்டுருக்கு பாருங்க. சோதன பண்ணாமலா நம்பர் போடுவாங்க?"

"அந்த நம்பர் நான் போட்டது. சோதனையே நடக்கல."

"நீங்க போட்டது சர்க்கார் போட்டது மாதிரிதான?"

வீடு வீடாகச் சொன்னார். சிலர் தலையாட்டினார்கள். சிலர், "தொட்டி தாறேன்னு வாங்கிட்டுப் போனிய, இப்ப காசு குடுத்து வாங்கினதையும் கேக்கியளா?" என்றார்கள். ஒரு கிழவர், வெளியூர் போன மூன்று டிரம்மில் தண்ணீர் குடித்த யாரும் சாகவில்லை என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். காந்திமதிநாதனுக்குத் தெரியவில்லை.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை லாரி வந்துபோன பிறகு அவர் மறுபடியும் சாலோமி வீட்டுப் பக்கம் போக நேர்ந்தது. அவள் உப்பளத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கரோலின் டிரம்முக்குப் பக்கத்தில் கல்லின் மேல் ஏறி நின்று, சொம்பை உள்ளே விட்டு மொண்டு, அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள். தண்ணீர் கழுத்து வழியாக வழிந்தது. அதைப் பார்த்தவுடன் காந்திமதிநாதனுக்கு என்ன ஆனதென்று அவரால் பிற்பாடு சொல்ல முடியவில்லை. பக்கத்து வேலியோரம் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்து, டிரம்மின் கீழ்ப்பக்கத்தில் ஓங்கிக் குத்தினார். இரண்டாம் குத்தில் ஓட்டை விழுந்தது. தண்ணீர் பீறிட்டு அடித்தது.

பிள்ளை அலறிக்கொண்டு கல்லிலிருந்து குதித்தாள். சாலோமி அவரைத் திட்டவில்லை. ஓடிவந்து ஓட்டையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். அது நிற்கவில்லை. "ஏட்டி, குடத்த எடு, குடத்த எடு" என்று மகளை விரட்டினாள். குடம் வருவதற்குள் பாதி போய்விட்டது. அவள் மண்டி போட்டு உட்கார்ந்து, மணல் உறிஞ்சியதுபோக நின்ற தண்ணீரைக் கையால் கோரிக் குடத்தில் விட்டாள். கலங்கல் தண்ணீர். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். யாரோ அவர் கையிலிருந்து கடப்பாரையைப் பிடுங்கினார்கள். அவள் நிமிர்ந்து, "நாலு நாளைக்கு நான் எங்கன போவேன்?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

ஊரில் கையெழுத்து வாங்கி மனு போயிற்று. தாசில்தார் கோபப்படவில்லை, சலித்துக்கொண்டார்.

"சர்க்கார் ஏலத்துல விட்ட பொருள சர்க்கார் ஆளே கடப்பாரையால குத்துனா நான் என்ன சொல்லட்டும்? சஸ்பெண்டுனு மேலேருந்து சொல்லுதான். நான் பேசி நிறுத்தி வச்சிருக்கேன். ஒரு விளக்கம் எழுதிக் குடும். டிரம்முல தீங்கு விளைவிக்கிற பொருள் எதுவும் இல்ல, தவறான எண்ணத்துல அவசரப்பட்டுட்டேன்னு எழுதும். இடமாறுதலோட போயிரும்."

"தீங்கு இல்லன்னு நான் எப்பிடிங்கய்யா எழுதுறது?"

"தீங்கு இருக்குன்னு எழுதினா, பெறவு ஏன் ஏலத்துல விட்டீருன்னு உம்மளையும் கேப்பான், என்னையும் கேப்பான். நிபந்தனைய வாசிச்சது யாரு?"

அந்த வார சனிக்கிழமை சீவலப்பேரி வீட்டில் வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வேணி சோறு வைத்து அழைத்தாள். வரவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எழுதிக் குடுத்துருங்க."

"பொய்யா எழுதச் சொல்லுதியா?"

"அதுல என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அது பொய்யின்னும் எப்பிடிச் சொல்ல முடியும்? ரெண்டு பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கோம். உங்க அப்பா காலத்து நிலமா இருக்கு, உக்காந்து சாப்பிட? நீங்க எழுதாம இருந்தா மட்டும் அந்தச் சனம் டிரம்மத் தூக்கிப் போட்டுருவாங்களா?"

அவள் கேட்டது நியாயம் மாதிரியும் இருந்தது, நியாயமில்லாத மாதிரியும் இருந்தது. கொல்லைப்பக்கம் பிள்ளைகள் அடிபம்பில் தண்ணீர் அடித்து ஒருவர்மேல் ஒருவர் இறைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர் எழுதினார். மேற்படி டிரம்களில் தீங்கு விளைவிக்கக்கூடிய பொருள் எதுவும் இல்லை. ஒரு பக்கத்துக்கு வந்தது. கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, மடித்து உறையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஆற்றோரத்து ஊர் ஒன்றுக்கு மாறுதல் கிடைத்தது. பச்சைப் பசேலென்று வயல், வீட்டுக்கு வீடு கிணறு. பொறுப்பு ஒப்படைக்க முள்ளித்துறைக்குப் போன அன்று சாலோமி வீட்டைக் கடந்துதான் போனார். டிரம்மின் ஓட்டையில் சைக்கிள் டியூப் துண்டை வைத்துத் தார் பூசியிருந்தார்கள். தண்ணீர் கசியவில்லை.

நாலு மாதம் கழித்து, மழை இன்னும் பிடிக்காத ஒரு புரட்டாசி நாளில், கிருபைராஜ் அவரைத் தேடிக்கொண்டு புது ஊருக்கு வந்தார். காந்திமதிநாதன் காபி வாங்கிக் கொடுத்தார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கிருபைராஜ் சொன்னார்.

"சாலோமி மக திருநெல்வேலி ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில கெடக்கா ஐயா. காலு ரெண்டும் துவண்டு போச்சு. மொதல்ல பாதம் மரமரங்குன்னா. பெறவு செருப்பு கழண்டு கழண்டு விழுந்துச்சு. இப்ப நிக்கவே மாட்டேங்கா. ஊர்ல இன்னும் ரெண்டு பிள்ளைகளுக்கு அப்பிடித்தான் ஆரம்பிச்சிருக்கு."

"டிரம்முல பிடிச்ச தண்ணியாலன்னு யாரும் சொல்லலியா?"

கிருபைராஜ் அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "நான் சொன்னேன் ஐயா. பக்கத்து ஊரு டாக்டரு தாலுகா ஆபீஸ்ல எழுதிக் கேட்டாரு. அவங்க நீங்க எழுதிக் குடுத்த கடுதாசிய நகல் எடுத்துக் குடுத்துட்டாங்க. டிரம்முல என்ன இருந்துச்சுன்னு சொல்லுத வேற தாளு அந்த ஃபைல்ல கெடையாதாம். அத வச்சு டாக்டரு, தண்ணியில்ல, வேற என்னமோ காய்ச்சல் நரம்புல எறங்கிருச்சுன்னு எழுதி அனுப்பிட்டாரு."

காந்திமதிநாதன் மறுநாள் லீவு போட்டுவிட்டுத் திருநெல்வேலிக்குப் போனார்.

குழந்தைகள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் கரோலின் படுத்திருந்தாள். கால்கள் போர்வைக்கு வெளியே வெறும் குச்சியாகக் கிடந்தன. பாதங்கள் முன்பக்கமாகத் தொங்கின. சாலோமி அவரைக் கண்டதும் எழுந்தாள். அவள் கத்துவாள், அடித்தாலும் அடிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் அவர் வந்திருந்தார். அவளோ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவசரமாகச் சொன்னாள்.

"நல்ல நேரத்துல வந்திய ஐயா. அந்த டிரம்முல என்ன இருந்துச்சுன்னு டாக்டரம்மா கேட்டுக்கிட்டே இருக்காவ. எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க சொல்லுங்க."

டாக்டர் மதுமதி அடுத்த கட்டிலில் ஒரு குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இளவயதுக்காரர். காந்திமதிநாதன் போய் நின்றார்.

"அம்மா, அந்தப் பிள்ளையோட ஃபைல்ல ஒரு கடிதம் இருக்கும். டிரம்முல தீங்கு ஒண்ணும் இல்லன்னு. அத எழுதினது நான்தான்."

"ஆமா, பாத்தேன்."

"அது நெசம் இல்லம்மா. வேலைக்குப் பயந்து எழுதிட்டேன்."

டாக்டர் நிமிர்ந்து அவரை ஒரு கணம் பார்த்தார். கோபமா இரக்கமா என்று அவருக்குத் தெரியவில்லை. டாக்டர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார்.

"சரி. அப்போ அதுல நெசமா என்ன இருந்துச்சு?"

காந்திமதிநாதன் தெரிந்ததையெல்லாம் சொன்னார். பழுப்பு நிறம். பாகு போலக் கெட்டி. வார்னீஷ் வாடை, பூண்டு வாடை. மல்லாந்து கிடந்த நண்டுகள். சிவப்புக் கரை போட்ட தாள்.

"பேர் ஏதாவது? கம்பெனி பேர், மருந்து பேர், ஒரு எழுத்தாவது?"

"இல்லம்மா. கடல் தண்ணி அழிச்சிருச்சு. மிஞ்சின நாலைஞ்சு எழுத்து யாருக்கும் வாசிக்கத் தெரியாத பாஷை."

"மிச்சம் கொஞ்சமாவது எங்கேயாவது இருக்கா? சோதிச்சுப் பாக்க?"

"எல்லாத்தையும் நல்லாக் கழுவிட்டாங்கம்மா."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "இதுக்கு மருந்துன்னு பெருசா ஒண்ணும் இல்ல சார். என்னதுன்னு தெரிஞ்சா, மத்த பிள்ளைங்களுக்கு எவ்வளவு தூரம் போகும், இவ திரும்ப நடப்பாளா மாட்டாளான்னாவது சொல்லலாம். அதுக்குத்தான் கேட்டேன்." குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

காந்திமதிநாதன் கரோலின் கட்டிலுக்குத் திரும்பி வந்தார். சாலோமி மகளின் முழங்காலிலிருந்து பாதம் வரை எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டியளா ஐயா?"

"சொல்லிட்டேன்."

"எழுதிக்கிட்டாவளா?"

"எழுதிக்கிட்டாங்க."

அவள் முகத்தில் ஒரு ஆறுதல் வந்தது. இன்னொரு சொட்டு எண்ணெயைக் கையில் விட்டுக்கொண்டு மறுகாலை எடுத்து மடியில் வைத்தாள். ஊரில் இப்போதும் அதே டிரம்மில்தான் தண்ணீர் பிடிக்கிறார்களா என்று கேட்க நினைத்தார். பிடிக்க வேண்டாம் என்று கிருபைராஜைச் சொல்லச் சொல்லலாம். கிருபைராஜ் எத்தனை முறை சொல்லியிருப்பார்.

கரோலின் அவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள்.

"எம்மா, சார் நிக்காங்க. அந்த ஸ்டூல எடுத்துப் போடேன்."

சாலோமி எண்ணெய்க் கையோடு எட்டி, கட்டிலுக்கடியிலிருந்து ஸ்டூலைக் காலால் நகர்த்தினாள். அவர் உட்கார்ந்தார். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை சாலோமி இரண்டு கால்களையும் மாறி மாறி நீவிக்கொண்டிருந்தாள்.